மேற்குச் சுவர் வழக்கு

மார்ச் 3, செவ்வாய்

குளித்துவிட்டு, குளியலறையிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்ட தண்ணீரை வைப்பரால் மறுபடி உள்ளே தள்ளி முடிப்பதற்குள் கம்பெனி வேன் போய்விட்டது. கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கச் சிமெண்ட் கட்டிகளை நசுக்கி, "இது தாங்கும், இது தாங்காது" என்று ஊருக்கெல்லாம் சான்று கொடுக்கிறவன் நான். என் வீட்டில் தண்ணீர் வடிகாலைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து ஓடுகிறது. வெளியே தெரிந்தால் மானம் போகும்.

சாயங்காலம் மாடி அறையைப் பார்க்கப் போனேன். என் அறை! இத்தனை வருடம் கூடத்தில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் படுத்தவனுக்கு ஒரு கதவு, நான்கு சுவர். பூச்சு முடிந்துவிட்டது. பெயிண்ட் அடித்தால் குடிபோய்விடலாம்.

மேற்குச் சுவரில் விரிசல்.

பெரிதாக ஒன்றுமில்லை. முடியிழை அளவு. சிலந்தி வலை மாதிரி, வெளிச்சம் சாய்ந்து விழுந்தால்தான் தெரிகிறது. சாப்பிடும்போது சொன்னேன்: "மேற்குச் சுவர் விரிஞ்சிருக்கு. டிஃபெக்ட்."

சொன்ன மறு நொடி தெரிந்தது, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம் என்று. அம்மாவின் கை கரண்டியோடு நின்றது. அப்பா தலை நிமிர்ந்து சிரித்தார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்ன சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு."

பூசியது மாமா. அம்மாவின் தம்பி.

மார்ச் 4, புதன்

அப்பா காலையிலேயே பூதக்கண்ணாடியோடு மாடி ஏறிவிட்டார். முப்பது வருடம் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டில் காப்பி ஆறிப்போனாலும் "யார் பொறுப்பு?" என்றுதான் ஆரம்பிப்பார். மேலேயிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "அட! இங்க ஒண்ணு. அட! இங்க பாரு, இதுக்கு ஒரு குட்டி வேற."

அம்மா கீழிருந்து: "புதுச் சுவருன்னா நாலு கோடு விழத்தான் செய்யும். உங்க நெத்தியில இல்லையா?"

"என் நெத்தியை உன் தம்பி பூசலையே."

பழைய கதையை எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் எனக்கே எரிச்சல் அடங்கும். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் குளியலறைத் தளத்தைப் போட்டவரும் மாமாதான். முடித்துவிட்டு, "மச்சான், ஒரு குவளை தண்ணி ஊத்திப் பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார். அப்பா ஊற்றினார். தண்ணீர் வடிகாலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வாசற்படியைத் தாண்டி வந்து அப்பாவின் காலை நனைத்தது. "தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு தெரியாதவன் கரண்டியைக் கீழ வெச்சுட்டு வேற பொழப்பைப் பாக்கலாம்" என்றார் அப்பா. மாமா பாதிதான் கேட்டார்; தொழிலை விடவில்லை, எங்கள் வீட்டை விட்டார். பூச்சுக் கரண்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனவர்தான். அந்தக் கரண்டியால் அம்மா இன்றைக்கும் பூந்தொட்டி கிளறுகிறாள். நாங்கள் இன்றைக்கும் தண்ணீர் தள்ளுகிறோம்.

மாடியில் ஓர் அறை என்ற பேச்சு வந்ததும் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "என் தம்பி கட்டுனா கட்டலாம். இல்லேன்னா அறையே வேணாம்." அப்பா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "நான் அவன்கிட்ட பேசமாட்டேன்." மாமாவும் சரி என்றார். வேலை நடந்த நாட்களில் இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் மாடிப்படியையும் மற்றவர் கூரையையும் பார்த்தார்கள்.

இப்போது நான் 'டிஃபெக்ட்' என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

மாமா வந்தார். வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே பேச ஆரம்பிக்கிறவர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே பேசினார். சுவரைப் பார்த்தார். அசரவில்லை.

"மாப்ளே, சுவருன்னா தோலு மாதிரி. பனிக்காலத்துல உன் கால்ல வெள்ளைக் கோடு விழுதா இல்லையா? அதுக்காக உன்னை இடிச்சுட்டு வேற பையனையா பெத்துக்கறாங்க?"

அப்பா அதே அறையில், மூன்றடி தள்ளி நின்றார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "டேய், தோலுக்கு எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும். சுவருக்கு எதைத் தேய்ப்பாராம்னு கேளு."

"மாமா, சுவருக்கு எதைத்..."

"காது கேக்குது மாப்ளே. வெள்ளை மாவு இழுத்துப் பட்டி பாத்துட்டா மறைஞ்சிரும்னு சொல்லு."

"பட்டி பாத்தா..."

"மறைக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியும்னு சொல்லு."

அரை மணி நேரம் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன். கடைசியில் அப்பா அறையின் நடுவில் வந்து நின்று அறிவித்தார். வெளிச்சுவர் பூச்சு இன்னும் பாக்கி. மேற்குச் சுவர் விரிந்ததற்கு வேலை சரியில்லாததுதான் காரணமென்றால் வெளிச்சுவரை வேறு ஆள் பூசுவான். இல்லையென்றால் மாமாவே பூசலாம். விசாரித்துச் சொல்ல வேண்டியது நான். "நீதான் படிச்சவன். பதினஞ்சாம் தேதி, ஞாயித்துக்கிழமை தீர்ப்பு. ரெண்டு தரப்பும் வரணும்."

மாமா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "மாப்ளே சொன்னா சரி. பொய் சொல்லத் தெரியாத பய." அது பாராட்டா வசையா என்று தெரியவில்லை.

அவர் போன பிறகு அம்மா சமையலறையில் மெதுவாகச் சொன்னாள்: "அவன் இந்த வாட்டி போனா திரும்ப வரமாட்டான்டா. எனக்குன்னு கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சுவர் என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்வேன்."

"சுவரு எங்கடா பேசுது? நீதான் பேசுறே."

மார்ச் 6, வெள்ளி

ஆய்வகத்துக்கு வந்த வாடிக்கையாளரிடம், "உங்க கான்கிரீட்டைவிட எங்க கேன்டீன் ரொட்டி கெட்டி" என்று சொல்லிவிட்டேன். உண்மை. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "உண்மையைச் சொல்றதுக்கு முன்னாடி மூச்சு ஒண்ணு விட்டுக்கோயேன்யா."

மார்ச் 7, சனி

விடுமுறை. வேலையை ஒழுங்காகத் தொடங்கினேன்.

நாணயத்தால் சுவர் முழுக்கத் தட்டினேன். உள்ளே பிடிப்பு இல்லையென்றால் பொத்தென்று சத்தம் வரும். எங்கும் வரவில்லை. டக் டக் டக். பூச்சு செங்கலைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. இதை எழுதும்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஏன்? நான் நடுநிலைதானே?

விரிசல் அகலம் பார்க்கும் அட்டையை வைத்துப் பார்த்தேன். அட்டையில் இருக்கும் மிக மெல்லிய கோட்டைவிட இவை மெல்லியவை. ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். வளர்ந்தால் கோட்டைத் தாண்டும்.

கேள்வி இதுதான். நான்கு சுவரும் ஒரே ஆள், ஒரே மணல், ஒரே சிமெண்ட். மேற்குச் சுவர் மட்டும் ஏன்? அதிலும் முழுச் சுவர் இல்லை, நடுவில் மட்டும். ஓரங்கள் வழவழவென்று இருக்கின்றன. வெயில் காரணமென்றால் சுவர் முழுக்க விழ வேண்டும். கலவை காரணமென்றால் நான்கு சுவரிலும் விழ வேண்டும்.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன, குற்றவாளி ஒத்துக்கிட்டானா?"

"தட்டிப் பாத்தேன்ப்பா. சுவர் கெட்டியா இருக்கு."

"தட்டிப் பாக்கறதெல்லாம் தேங்காய்க்கு."

மார்ச் 9, திங்கள்

இது எப்படி?

வேலைக்குக் கிளம்புமுன் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். விரிசல்கள் குறுகியிருக்கின்றன! கீழ்வரிசையில் பாதிக்கு மேல் காணவில்லை. பென்சில் கோடு இருக்கிறது, தேதி இருக்கிறது, விரிசல் இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக மெல்லிய படிவு.

கல்லூரியில் படித்திருக்கிறேன். சிமெண்டில் மெல்லிய விரிசல் விழுந்தால், ஈரம் பட்டு, உள்ளேயிருந்து சுண்ணாம்பு கசிந்து வந்து, விரிசலைத் தானே அடைத்துக்கொள்வது உண்டு. தானாக ஆறுவது! புத்தகத்தில் மட்டும் பார்த்தது. அதுவும் ஈரமான இடத்தில், நிதானமாக நடப்பது. எங்கள் வீட்டுச் சுவரில், வெயில் காலத்தில், இத்தனை வேகமாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

வெள்ளையைக் கொஞ்சம் சுரண்டிக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். கைக்கெட்டும் உயரம் வரைக்கும்தான் ஆறியிருக்கிறது. மேலே அப்படியே இருக்கிறது. ஈரம் கீழே அதிகம் தங்கும். அதனால் இருக்கும். அதனால்தான்.

மார்ச் 10, செவ்வாய்

எழுதவே கூசுகிறது. எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் வெள்ளைத் தூள் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பேதான்! குதித்தேன். மேனேஜரைக் கூப்பிட்டேன், பக்கத்துப் பிரிவு ஆட்களைக் கூப்பிட்டேன். விளக்கினேன். "இது வரைக்கும் இந்த வேகத்துல யாரும் பாத்ததில்ல" என்றேன். நாங்கள் எல்லோரும் லேப் அக்கா என்று கூப்பிடும் சீனியர் வந்து காகிதத்தை எடுத்து, மூக்குப் பக்கம் கொண்டுபோனார்.

"புதினா வாசம் வருதே."

"என்னது?"

"சுண்ணாம்புதான். நீ சொன்னது சரி. ஆனா இது பல்லுக்குப் போடுற சுண்ணாம்பு." காகிதத்தைத் திருப்பித் தந்தார். "உங்க வீட்டுச் சுவரு காலையில பல் விளக்குதா தம்பி?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாள் முழுக்க யார் என்னைத் தாண்டினாலும் வாயைத் திறந்து பல்லைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் பார்த்தேன். போன வாரம் வாங்கிய பற்பசைக் குழாய் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"அம்மா!"

"என்னடா?" முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவளைக் கூண்டில் ஏற்றினால் நீதிபதியே மன்னிப்புக் கேட்பார்.

"சுவத்துல பேஸ்ட்டு தடவுனியா?"

"உங்கப்பா பூதக்கண்ணாடியைத் தூக்கிட்டு அலையறாரு. நீ பென்சிலைத் தூக்கிட்டு அலையற. என் தம்பிக்குன்னு இந்த வீட்ல நான் எதைத் தூக்கறது?"

"மேல ஏன் தடவலை?"

"முட்டி வலிக்குது. ஸ்டூல்ல ஏற முடியல."

எத்தனையோ சொல்லலாம். ஆய்வு கெட்டுப்போச்சு, ஆதாரம் அழிஞ்சுபோச்சு, ஆபீஸ்ல மானம் போச்சு... ஈரத்துணி எடுத்து, நானே சுவரைத் துடைத்தேன். அறை முழுக்கப் புதினா மணம். அப்பா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "எதிர்த்தரப்பு இப்ப வாசனைத் திரவியம் வேற போடுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 12, வியாழன்

விரிசல்கள் பழையபடி முழுதாகத் தெரிகின்றன. வளரவும் இல்லை, குறையவும் இல்லை. (இனிமேல் குறைந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பேன்.)

இன்று ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். வேறு யோசனை. ஒவ்வொரு விரிசலாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, எதிர்ச்சுவர் வரை பின்னால் போய் நின்று மொத்தமாகப் பார்த்தேன். விரிசல் இருக்கும் பகுதியின் வெளிவிளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்தேன்.

ஒரு படகு. இல்லை, படுக்கப் போட்ட முட்டை. இடமிருந்து வலம் நீளமாக, நடுவில் விரிசல் நெருக்கமாக, இரண்டு பக்கமும் போகப் போகக் கலைந்து. மார்பு உயரத்தில்.

இது சுவரின் வேலை இல்லை. எதிரே ஏதோ ஒன்று நின்றிருக்கிறது. இடமும் வலமுமாகத் தலையை ஆட்டியிருக்கிறது.

தரையைப் பார்த்தேன். பூச்சு வேலையில் சிந்திய கலவைத் துளிகள் தரை முழுக்கக் காய்ந்து கிடக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் வட்டமாக, தட்டு வைத்து எடுத்த மாதிரி, துளியே இல்லை. வட்டத்தின் ஒரு பக்கம் நறுக்கின மாதிரி சின்ன உடைசல்.

அடிப்பாகம் உடைந்த ஸ்டாண்டு ஃபேன்.

ஈரப் பூச்சின் மேல் காற்று நேராக அடித்தால் மேல்தோல் மட்டும் சடசடவென்று காயும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். மேலே சுருங்கும், கீழே சுருங்காது. விரிசல். முடிந்தது வழக்கு! எந்த மடையன் பூச்சு நடக்கும்போது சுவருக்கு எதிரே ஃபேன் வைத்தான்?

எழுதும்போதுதான் உறைக்கிறது. அடி உடைந்த ஸ்டாண்டு ஃபேன் இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது. அது கடகடக்காமல் அப்பாவுக்கு மதியத் தூக்கம் வராது.

மார்ச் 13, வெள்ளி

அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து அவர் அறைக்குள் நுழைந்தேன், திருடன் மாதிரி. ஃபேனைக் குனிந்து பார்த்தேன். கம்பி வலை பளபளக்கிறது. இறக்கைகள் பளபளக்கின்றன. மோட்டாருக்குப் பின்னால், துணி எட்டாத இடுக்கில், ஒரு சொட்டு. நகத்தால் சுரண்டினேன். சிமெண்ட். முகர்ந்தும் பார்த்தேன். புதினா இல்லை.

"அம்மா, மேற்குச் சுவர் பூசுன அன்னைக்கு ஃபேனை நீ மாடிக்குக் கொண்டுபோனியா?"

"அது உங்கப்பாவோட ரெண்டாவது சம்சாரம். நான் தொடுவேனா?"

"அப்போ அன்னைக்கு வேற யாரு வீட்ல இருந்தா?"

"நான் கண் டாக்டர்கிட்ட போயிருந்தேன்டா." கொஞ்சம் யோசித்தாள். "திரும்பி வந்தா உங்கப்பா ஃபேனை அக்குவேறு ஆணிவேறா கழட்டிப் போட்டுத் துடைச்சிட்டிருந்தாரு. என்னங்க அதிசயமா இருக்குன்னேன். 'தூசி'ன்னாரு. இந்த ஜென்மத்துல அவரு ஒரு தட்டைக்கூடத் துடைச்சதில்ல."

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். "ஏன்டா, உனக்கு உடம்பு சரியில்லையா? பேசாம நிக்கறே?"

மார்ச் 14, சனி

மாமா வேலை செய்யும் கட்டடத்துக்கே போனேன். பாதி கட்டிய வீடு. சாரத்தின் கீழே தண்ணீர் டிரம்மில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வா மாப்ளே! நாளைக்குத் தீர்ப்பு, இன்னைக்கே ஜட்ஜு வாராரு. ரகசியமா ஏதாவது வேணுமா?"

"ஃபேனை யாரு வெச்சது?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. மாமா பேசாமல் இருந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"கண்டுபிடிச்சுட்டியா?" என்றார். பிறகு அவரே சொன்னார். அன்றைக்கு வெயில் தலையைப் பிளந்ததாம். கண்ணை இருட்டிக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா கீழேயிருந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் படியில் டொக் டொக்கென்று சத்தம். அப்பா ஃபேனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார், மூச்சு வாங்க. அறைக்குள் வைத்து, பிளக்கைச் சொருகி, மாமா நின்று பூசும் இடத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

"ஈரப் பூச்சுல ஃபேன் காத்து படக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"கரண்டி பிடிச்ச முதல் நாள்லயே தெரியும்டா."

"அப்போ நிறுத்தியிருக்கலாம்ல? இல்ல, திருப்பியாவது வெச்சிருக்கலாம்ல?"

"எப்படிடா நிறுத்துவேன்?" குரல் உடைந்த மாதிரி இருந்தது. உடனே சிரித்துச் சமாளித்தார். "அந்த மனுசன் இத்தனை வருசம் கழிச்சு எனக்குன்னு ஒண்ணு கொண்டாந்து வெச்சாரு. நான் போயி அதை அணைச்சா கீழ சத்தம் நிக்கும். 'பாரு, நான் வெச்ச காத்து கூட அவனுக்கு ஆகலை'ன்னு நினைக்கமாட்டாரு? அந்த ஃபேனுதான் கடகடன்னு ஊருக்கே கேக்குதே. சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன். சுவரு போனா பட்டி பாத்துக்கலாம்."

"நாளைக்கு நான் இதைச் சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லாத. வேலை சரியில்லன்னு சொல்லிடு. எனக்குப் பழகுனதுதான்."

"அது பொய்."

"ஆமா, பொய்தான். உன் வாயில நுழையாதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்டு வெச்சேன்."

வேலை சரியில்லை என்றால் மாமா போய்விடுவார். அம்மாவுக்குத் தம்பி இல்லை. ஃபேன் என்றால், அப்பா ஆளைக் கூட்டிவைத்து நடத்திய வழக்கில் அப்பாவே குற்றவாளி, அதுவும் மாமா முன்னால். அதற்குப் பிறகு அவர் இன்னொரு தடவை எதையாவது தூக்கிக்கொண்டு மாடி ஏறுவாரா? சுவர் விஷயத்தில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. சுவர் சுலபம்.

அப்பாவுக்கே இது தெரியுமா? தான் வைத்த காற்றுதான் காரணம் என்று? தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

மாடி அறையில் கூடினோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். இருவருக்கும் நடுவில் அம்மா, முட்டியைத் தடவிக்கொண்டு. நான் சுவரோரம் நின்றேன்.

"சுவர் கெட்டியா இருக்கு. உள்ள பிடிப்பு நல்லா இருக்கு. விரிசல் மேல்தோல்ல மட்டும்தான். வளரலை. நல்லா காய்ஞ்சதும் பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா தெரியாது. அவசரப்பட்டு டிஃபெக்ட்டுன்னு சொன்னது என் தப்பு." இது வரை சுலபம். "ஈரம் இருக்கும்போதே அந்தச் சுவர் மேல காத்து பட்டிருக்கு. அதான் காரணம்."

"எந்தக் காத்து?" என்றார் அப்பா.

மேனேஜர் சொன்ன மூச்சை விட்டேன். இன்னொன்றும் விட்டேன்.

அதற்குள் மாமா எழுந்துவிட்டார். "ஜன்னல் காத்து மாப்ளே! நான்தான் வெக்கை தாங்காம ஜன்னலைத் தொறந்து வெச்சேன். என் தப்புதான்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

அப்பாவின் கண் சுருங்கியது. முப்பது வருடம் பொய்ச்சாட்சி கேட்ட காது அல்லவா.

"டேய், ஜன்னல் எப்ப மாட்டுனாங்கன்னு அவரைக் கேளு."

மாமா விழித்தார்.

"பூச்சு முடிஞ்ச பிறகுதான் மாட்டுனாங்க. அன்னைக்கு அந்த ஓட்டையில பலகை அடிச்சு மூடியிருந்துச்சு. நான் பாத்தேன். பலகை வழியா காத்து வருமான்னு கேளு!" அப்பா வெற்றியோடு நாற்காலியில் சாய்ந்தார்.

அந்த நேரத்தில் அம்மா ரொம்ப அப்பாவியாக என்னிடம் கேட்டாள்: "ஜன்னலும் இல்லேன்னா அப்புறம் காத்து எங்கேருந்துடா வந்துச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அப்பாவும் பார்த்தார். துளியில்லாத அந்த வட்டம். உடைசல். பிறகு சுவரில் நான் வரைந்த முட்டை. அவர் தலை மெதுவாக இடமிருந்து வலம் போனது, வலமிருந்து இடம் வந்தது, ஃபேன் மாதிரியே.

கீழே ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது.

"நான்தான் வெச்சேன்" என்றார்.

"என்னத்தை வெச்சீங்க?" என்றாள் அம்மா.

"ஃபேனை."

"உங்க ஃபேனையா? யாருக்கு?"

"சுவத்துக்கா வைப்பாங்க ஃபேனு?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தார். விழுந்த வேகத்தில் மாமா பக்கம் திரும்பினார். என்னைத் தாண்டி, நேராக, முகத்துக்கு முகம். "ஏன்யா, காத்து படக்கூடாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மச்சான்."

"அப்போ வாயில என்ன சிமெண்டா பூசியிருந்துச்சு? நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க எங்கிட்ட பேசுனாத்தானே நான் உங்ககிட்ட பேச முடியும்?"

"பேசாம இருந்தா? இப்பப் பாரு, சுவரு போச்சு!"

"சுவரு போகட்டும் மச்சான்."

"எப்படிப் போகட்டும்? பூசுனது நீதானே? உனக்கு ரோசம் வேணாம்?"

திட்டிக்கொண்டே இருந்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தனை வருட வசவும் பாக்கி இருந்தது போல. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது மாமா, "மச்சான், அந்தக் குளியலறைத் தளத்தையும் ஒரு கை பாத்துடட்டுமா?" என்று இழுத்தார்.

"அந்த வழக்கு தனி. அது இன்னும் நிலுவையில இருக்கு" என்றார் அப்பா.

தீர்ப்பை நான் சொல்லவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மார்ச் 16, திங்கள்

மதியம் அப்பா அறையிலிருந்து ஃபேன் சத்தம் கேட்கவில்லையாம். அம்மா எட்டிப் பார்த்தால், ஃபேனைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு, அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தாராம்.

மார்ச் 22, ஞாயிறு

பெயிண்ட் அடிக்க இன்னும் நாள் இருக்கிறது. பொறுக்க முடியாமல் பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். கதவு, நான்கு சுவர், நிசப்தம். ஃபிரிட்ஜ் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால் மட்டும் புரியும்.

மார்ச் 28, சனி

இன்று வெளிச்சுவர் பூச்சு. மேற்குப் பக்கம்தான் முதலில். மாமா விடிந்ததும் வந்துவிட்டார். அம்மா தொட்டியிலிருந்து பழைய கரண்டியை எடுத்து, மண் போகக் கழுவிக் கொடுத்தாள். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செடியெல்லாம் நல்லா பூசியிருக்கியாக்கா" என்றார். ஆனால் அதைக் கொண்டுதான் பூசினார்.

பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறியது. சாரத்தின் மேல் மாமா. அவருக்குப் பின்னால், அதே பலகையில், அப்பா. வாழ்நாளில் ஸ்டூல் ஏறியதில்லை, சாரத்தில் ஏறியிருக்கிறார். கையில் நீதிமன்றத்துக்கு எடுத்துப்போன பெரிய கறுப்புக் குடை, விரித்தபடி, நீளமான கம்பு ஒன்றில் கட்டி.

"மச்சான், கொஞ்சம் இடது பக்கம்."

"எனக்குத் தெரியும். நீ பூசு."

"கை வலிச்சா இறங்கிடுங்க."

"அதான் வாயைத் தொறந்து சொல்லக் கத்துக்கிட்டியே, நிழல் பத்தலேன்னா அதையும் சொல்லு."

நான் கீழே நின்று பார்த்தேன். குடையின் நிழல் முழுக்க மாமாவின் தலையிலும் முதுகிலும் விழுந்தது. ஈரப் பூச்சு பளீரென்ற வெயிலில் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, நிழல் சுவர் மேல விழணும்! அவர் மேல இல்ல!"

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சுவத்தை நீ பாத்துக்கோ" என்றார்.

பார்த்துக்கொண்டேன். சாக்குகளைத் தண்ணீரில் நனைத்துச் சாரத்தில் திரை மாதிரி கட்டி, சாயங்காலம் வரை காயவிடாமல் தண்ணீர் தெளித்தேன். இந்தச் சுவர் விரியாது.